யாரை வைத்து ஏற்றுமதி? சிட்டகாங் வழி, பினாங்கு வழி, சோல் வழி

வளரும் நாடு ஒன்று தொழில்மயமாகத் தொடங்கும்போது அதன் கையில் இருப்பவை பெரும்பாலும் இவ்வளவுதான்: வேலை தேடும் இளைஞர் கூட்டம், வாங்கும் சக்தி குறைந்த உள்நாட்டுச் சந்தை, எப்போதும் தட்டுப்பாடான டாலர். இயந்திரம் வாங்க டாலர் வேண்டும், எண்ணெய் வாங்கவும் டாலர் வேண்டும். ஆக, எதையாவது வெளியே விற்றாக வேண்டும். இதில் இன்று பெரிய சண்டை இல்லை. சண்டையெல்லாம் அடுத்த கேள்வியில்தான். யாரை வைத்து விற்பது?

இதற்கு மூன்று விடைகள் நடைமுறையில் பார்க்கக் கிடைக்கின்றன. வெளிநாட்டு வாங்குநர் தரும் ஆர்டருக்கு உள்ளூர் முதலாளிகள் செய்துகொடுப்பது ஒன்று. பன்னாட்டு நிறுவனத்தையே அழைத்து ஆலை போடச் சொல்வது இரண்டாவது. சொந்த நிறுவனங்களுக்குக் கடனும் பாதுகாப்பும் கொடுத்து வளர்த்து, அவற்றை வெளிச்சந்தைக்குத் துரத்துவது மூன்றாவது. வசதிக்காக வங்கதேசத்தின் சிட்டகாங், மலேசியாவின் பினாங்கு, தென்கொரியாவின் சோல் ஆகிய ஊர்களின் பெயரில் சிட்டகாங் வழி, பினாங்கு வழி, சோல் வழி என்று வைத்துக்கொள்வோம்.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை இழுத்தடிப்பானேன். மூன்றில் எது உயர்ந்தது என்பதைவிட, கொடுத்த சலுகையைத் திரும்பப் பிடுங்க அந்த அரசுக்குத் திராணி உண்டா என்பதே பெரிய கேள்வி. உண்டென்றால் சோல் வழியில் இறங்கலாம். இல்லையென்றால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல், சிட்டகாங்கில் தொடங்கிப் பினாங்கு நோக்கி நகரப் பார்ப்பது நல்லது.

நான்காவதாக ஒரு வழி இருந்ததே, இறக்குமதியைத் தடுத்து உள்நாட்டுச் சந்தைக்கே உற்பத்தி செய்வது? அதை முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. பிரேசில் அந்த வழியில்தான் கார்த் தொழிலையும் எஃகுத் தொழிலையும் கட்டியது. ஆனால் ஆலை பெருகப் பெருக இயந்திரம், உதிரிபாகம், எண்ணெய் என்று டாலர் தேவையும் பெருகியது. டாலர் சம்பாதிக்கும் கை அந்த வேகத்தில் வளரவில்லை. இடைவெளியை வெளிநாட்டுக் கடனால் நிரப்பினார்கள். 1982 ஆகஸ்டில் மெக்சிகோ கடன் கட்ட முடியாது என்று கையை விரித்தது. பிரேசிலும் அர்ஜென்டினாவும் அதே பள்ளத்தில் விழுந்தன. இந்தியா அந்த அளவுக்குக் கடன் வாங்கவில்லை. ஆனால் உலக ஏற்றுமதியில் அதன் பங்கு 1950 வாக்கில் சுமார் 2 சதவீதமாக இருந்தது, 1980களில் அரை சதவீதத்துக்கு வந்து நின்றது.

சரி, மூன்று வழிகளை எதை வைத்து அளப்பது? ஏற்றுமதித் தொகையை வைத்து அளந்தால் ஏமாந்துபோவோம். 2009-ல் விற்ற ஐபோன் ஒன்றின் உற்பத்திச் செலவு சுமார் 179 டாலர் என்றும், அதில் சீனாவில் நடந்த பொருத்தும் வேலைக்குக் கிடைத்தது ஆறரை டாலர்தான் என்றும் பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். சுங்கக் கணக்கில் மட்டும் 179 டாலரும் சீனாவின் ஏற்றுமதி. ஏற்றுமதி எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காமல், பொருள் கப்பலேறிய பிறகு நாட்டில் என்ன தங்கியது என்றும் கேட்க வேண்டும். கூலியா, தொழில் தெரிந்த ஆட்களா, உதிரிபாகம் செய்யும் பட்டறைகளா? இரண்டாவது, கொடுத்த வரி விலக்கும் மலிவுக் கடனும் ஒரு நாள் நின்றனவா? இந்த இரண்டையும் வைத்தே மூன்று வழிகளையும் பார்க்கிறேன்.

சிட்டகாங்: தைத்துக் கொடுப்பது

1970களின் இறுதியில் தென்கொரியாவின் தேவூ குழுமத்துக்கு ஒரு சிக்கல். 1974-ல் வந்த பல்லிழை ஒப்பந்தத்தின் கீழ், எந்த நாட்டிலிருந்து எவ்வளவு ஆடை உள்ளே வரலாம் என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் கோட்டா போட்டிருந்தன. கொரியாவுக்குக் கோட்டா போதவில்லை; கோட்டாவில் சிக்காத நாடு ஒன்று தேவைப்பட்டது. வங்கதேசத்தில் நூருல் காதர் கான் என்ற முன்னாள் அரசு அதிகாரி கைகோத்தார். சிட்டகாங்கில் தேஷ் கார்மென்ட்ஸ் பிறந்தது.

இந்தக் கதையில் முக்கியமானது ஆலைக் கட்டடம் இல்லை. 1979-ல் 130 பேர் பூசானில் உள்ள தேவூ ஆலைக்குப் பயிற்சிக்குப் போனார்கள். துணி வெட்டுவது, தையல் வரிசை அமைப்பது, தரம் பார்ப்பது, வாங்குநரிடம் பேசுவது என்று மாதக்கணக்கில் கற்றார்கள். திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் தேஷை விட்டு விலகி, சொந்த ஆலை வைத்தார்கள் அல்லது மற்றவர்களின் ஆலைகளில் சேர்ந்தார்கள். தேஷுக்கு அது நஷ்டம். நாட்டுக்கு அதைவிடப் பெரிய லாபம் கிடையாது.

அந்தத் தொழில் பரவ இன்னும் இரண்டு காகித ஏற்பாடுகள் கைகொடுத்தன. ஒன்று பேக்-டு-பேக் எல்.சி. (எல்.சி. என்பது, சரக்கு அனுப்பிய ஆவணங்களைக் காட்டினால் பணம் தருவதாக வாங்குநரின் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்). வெளிநாட்டு வாங்குநரின் எல்.சி.யை வங்கியில் காட்டினால், அதையே ஈடாக வைத்துத் துணி இறக்குமதிக்கு இன்னொரு எல்.சி. திறப்பார்கள். ஆடை விற்ற பணம் வந்ததும் துணிக்காரருக்குப் போய்விடும். முதல் இல்லாதவரும் ஆலை நடத்தலாம். இன்னொன்று சுங்கப் பொறுப்பில் உள்ள பாண்டட் கிடங்கு. ஏற்றுமதிக்கான துணி தீர்வையில்லாமல் அங்கே வந்து இறங்கும். நாடு முழுக்கச் சுங்கத்தைச் சீர்திருத்தப் பத்தாண்டு பிடிக்கும். ஒரு கிடங்கைத் திறக்கச் சில மாதம் போதும். பலவீனமான அரசும் செய்யக்கூடிய காரியம் என்பதே இந்த வழியின் பெரிய பலம்.

விளைவு தெரிந்ததுதான். வங்கதேசத்தின் ஏற்றுமதி வருமானத்தில் 80 சதவீதத்துக்கு மேல் இன்று ஆயத்த ஆடை. சுமார் 40 லட்சம் பேருக்கு வேலை, அவர்களில் பெரும்பான்மை பெண்கள். 2004 இறுதியில் கோட்டா முறை முடிந்தபோது, இனி எல்லா ஆர்டரும் சீனாவுக்குத்தான் என்று ஆருடம் சொன்னவர்கள் பலர். அது பலிக்கவில்லை.

குறை என்னவென்றால், மேலே ஏற ஏணி இல்லை. சட்டையிலிருந்து கால்சட்டைக்குப் போகலாம், பின்னலாடைக்கு நூலும் துணியும் உள்ளூரிலேயே செய்யலாம். வங்கதேசம் அதைச் செய்தும் காட்டியது. அதற்கப்பால் மின்னணுவுக்கோ இயந்திரத்துக்கோ தையல் கூடம் வழிகாட்டுவதில்லை. விலையை வாங்குநர் தீர்மானிக்கிறார்; அவர் ஐந்து சென்ட் குறைக்கும்போது இங்கே யார் தலையிலாவது அது விடியும். 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்திருந்தது. கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடிக்கொண்டன, தையல்காரர்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள். கப்பல் தேதி தவறக்கூடாது என்ற அழுத்தம் அந்தக் கட்டடத்தோடு முடிந்த விஷயமில்லை. இந்த வழியோடு சேர்ந்தே வருவது.

இன்னொரு ஆபத்து சந்தைச் சலுகை பறிபோவது. எத்தியோப்பியா ஹவாசாவில் பெரிய தொழிற்பூங்கா கட்டி ஆடை நிறுவனங்களை அழைத்தது. உள்நாட்டுப் போரைக் காரணம் காட்டி அமெரிக்கா 2022 ஜனவரி முதல் தீர்வை விலக்கை நிறுத்தியது. வாங்குநர்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள்.

பினாங்கு: அழைத்து வந்து அமர்த்துவது

இந்த வழியில் முன்னோடி சிங்கப்பூர். 1961-ல் பொருளாதார வளர்ச்சிக் கழகம், ஜூரோங்கில் சதுப்பு நிலத்தைத் தூர்த்துத் தொழிற்பேட்டை, டச்சுப் பொருளாதார வல்லுநர் ஆல்பர்ட் வின்செமியஸின் ஆலோசனை. 1965-ல் மலேசியாவிலிருந்து பிரிந்ததும் உள்நாட்டுச் சந்தை என்ற பேச்சே முடிந்துபோனது. பன்னாட்டு நிறுவனங்களை வரவேற்பது அன்றைய இடதுசாரிப் பொருளாதார மொழியில் கிட்டத்தட்ட துரோகம். சிங்கப்பூருக்கு அந்தக் கவலைக்கு நேரம் இருக்கவில்லை.

வரி விலக்கு யாரும் கொடுக்கலாம். சிங்கப்பூர் அதோடு நிற்காமல், வந்த நிறுவனங்களோடு சேர்ந்து பயிற்சி மையங்களை நடத்தியது: டாடாவுடன், ரோலையுடன், பிலிப்ஸுடன். ஜெர்மன் கேமரா நிறுவனமான ரோலை 1981-ல் நொடித்து ஆலையை மூடியது. அங்கே நுண்பொறியியல் கற்றவர்களோ ஊரிலேயே இருந்தார்கள். மற்ற ஆலைகள் அவர்களை எடுத்துக்கொண்டன. ‘என்ன தங்கியது’ என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

சிங்கப்பூர் ஒரு நகரம், அதை வைத்து எல்லாருக்கும் பாடம் எடுக்கக்கூடாது என்பார்கள். நியாயம். அதனால்தான் பினாங்கைச் சொல்கிறேன். 1960களின் இறுதியில் தீவு முழுக்க வேலையில்லாத் திண்டாட்டம். முதலமைச்சர் லிம் சோங் யூ காலத்தில் பாயான் லெபாஸில் 1972-ல் சுதந்திர வர்த்தக மண்டலம் திறந்தார்கள். இன்டெல் முதலில் வந்தவற்றில் ஒன்று. ஆரம்பத்தில் பெண்கள் நுண்ணோக்கி வழியாகச் சிப்புகளுக்குக் கம்பி பொருத்தும் வேலைதான். 1989-ல் மாநில அரசும் நிறுவனங்களும் சேர்ந்து பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கின. பன்னாட்டு ஆலைகளில் பொறியாளராக இருந்தவர்கள் வெளியே வந்து வார்ப்பச்சு, ஜிக் (வேலைப்பொருளைப் பிடித்துவைக்கும் சாதனம்), தானியங்கி இயந்திரம் செய்யும் பட்டறைகளை வைத்தார்கள். உலகில் சிப் பொருத்துதல், சோதனை, உறையிடல் வேலையில் சுமார் 13 சதவீதம் மலேசியாவில் நடப்பதாக இன்று சொல்கிறார்கள்.

ஆனால் கவனியுங்கள், அரை நூற்றாண்டு கழித்தும் பெரும்பகுதி இன்னும் பொருத்துதலும் சோதனையும்தான். சிப்பை வடிவமைப்பதும் தயாரிப்பதும் பெரும்பாலும் வேறெங்கோ. மெக்சிகோவில் நிலைமை இன்னும் மோசம். 1965-ல் தொடங்கிய எல்லையோர மக்கிலடோரா ஆலைகள் (உதிரிபாகத்தை இறக்குமதி செய்து, பொருத்தி, ஏற்றுமதி செய்பவை) லட்சக்கணக்கானோருக்கு வேலை கொடுத்தன. அவை பயன்படுத்திய மூலப்பொருளிலும் உதிரிபாகத்திலும் உள்ளூரில் வாங்கியது மட்டும் பல ஆண்டுகள் 2–3 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஆலை இருந்தது, அதைச் சுற்றிப் பட்டறைகள் முளைக்கவில்லை. வியட்நாம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஏற்றுமதியில் சுமார் 70 சதவீதம் வெளிநாட்டு மூலதன நிறுவனங்களுடையது. ஒரு கட்டத்தில் சாம்சங் ஒன்றே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். வேகத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. உள்ளூர் நிறுவனங்கள் அந்தச் சங்கிலிக்குள் எவ்வளவு நுழைந்திருக்கின்றன என்பதில்தான் அங்கேயே கவலைப்படுகிறார்கள்.

நடுவில் தைவானையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது எந்தப் பெட்டியிலும் அடங்காது. 1966-ல் காவ்சியுங் ஏற்றுமதி மண்டலம் திறந்து வெளிநாட்டாரை அழைத்தது. அதே சமயம் ஊரெல்லாம் சிறு நிறுவனங்கள். 1960களில் சிங்கர் தையல் இயந்திர நிறுவனத்தை உள்ளே விட்டபோது, உதிரிபாகங்களை உள்ளூரில் வாங்க வேண்டும், உள்ளூர்ப் பட்டறைகளுக்கு ஒரே தரத்திலான வரைபடங்களைக் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். சில ஆண்டுகளில் அந்தப் பட்டறைகளிடம் வாங்கித் தைவான் நிறுவனங்களே தையல் இயந்திரம் ஏற்றுமதி செய்தன. நிபந்தனை சின்னதுதான், அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதியதுபோல. மெக்சிகோவில் இல்லாமல் போனது அதுதான்.

சோல்: வளர்த்துத் துரத்துவது

தென்கொரியாவின் ஏற்றுமதி 1964-ல் 10 கோடி டாலரைத் தொட்டது. அதைக் கொண்டாட ஏற்றுமதி நாள் என்று ஒன்றை அறிவித்தார்கள். 1970-71 வாக்கில் 100 கோடி, 1977-ல் 1,000 கோடி. தொடக்கத்தில் விற்ற பொருள்களில் தலைமுடி விக் முக்கியமானது, சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

எப்படி நடத்தினார்கள்? 1964-ல் கொரிய நாணயமான வோனின் மதிப்பை டாலருக்கு 130-லிருந்து சுமார் 255-க்கு இறக்கினார்கள். வங்கிகள் 1961 முதலே அரசின் கையில். 1965-க்குப் பிறகு சாதாரணக் கடன் வட்டி 20 சதவீதத்துக்கு மேல் இருந்தபோது ஏற்றுமதிக் கடன் 6 சதவீதத்தை ஒட்டிக் கிடைத்தது. மாதம் ஒருமுறை அதிபர் பார்க் சுங்-ஹீ தலைமையில் ஏற்றுமதிக் கூட்டம். அமைச்சர்களும் தொழிலதிபர்களும் ஒரே அறையில், பொருள்வாரியாக, சந்தைவாரியாக இலக்கு எவ்வளவு, எட்டியது எவ்வளவு என்று கணக்கு. எட்டியவருக்கு மேலும் கடன். எட்டாதவருக்குக் குழாய் அடைபடும்.

இந்தக் கண்டிப்பு என்ன வித்தியாசம் செய்கிறது என்று பார்க்க இரண்டு கார்கள் போதும். ஹூண்டாயின் போனி 1975 இறுதியில் ஆலையை விட்டு வந்தது. எஞ்சின் தொழில்நுட்பம் மிட்சுபிஷியுடையது. மலேசியாவின் புரோட்டான் சாகா 1985-ல் வந்தது. மிட்சுபிஷி லான்சரின் மறு உருவம். இரண்டு நாட்டிலும் உள்நாட்டுச் சந்தைக்கு வேலி போட்டிருந்தார்கள். தொழில்நுட்பம் கொடுத்த கை ஒன்று, வேலி ஒன்று, முடிவு மட்டும் வேறு.

போனி 1976-லேயே ஈக்வடாருக்குக் கப்பலேறியது. விரல்விட்டு எண்ணும் எண்ணிக்கைதான், அதிலும் நஷ்டம். வெளியே அடக்க விலைக்கும் கீழே விற்று, உள்நாட்டில் கூடுதல் விலை வைத்து ஈடுகட்டினார்கள். அதாவது கொரிய வாடிக்கையாளர்தான் அந்தப் பாடத்துக்குக் கட்டணம் கட்டினார். ஆனால் வெளிநாட்டில் பெயின்ட் உரிந்தால், கதவு துருப்பிடித்தால், அந்தப் புகார் ஆலைக்குத் திரும்பி வந்தது. 1986-ல் ஹூண்டாயின் எக்செல் கார் அமெரிக்காவுக்குப் போய் முதல் ஆண்டிலேயே 1,60,000-க்கு மேல் விற்றது. அப்புறம் தரம் பற்றி அங்கே கேலியும் கிளம்பியது. அந்தப் பெயரைத் துடைக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. 1991-ல் சொந்த எஞ்சின் வந்தது.

புரோட்டானும் 1989 முதல் பிரிட்டனில் விற்றது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதன் பிழைப்பு வெளிச்சந்தையை நம்பி இல்லை. உள்நாட்டில் பாதிக்கு மேல் சந்தை அதன் கையில், போட்டி காருக்குக் கனத்த தீர்வை. ஏற்றுமதி சரிந்தாலும் யாரும் கடனை நிறுத்தப் போவதில்லை. 2017-ல் சீனாவின் ஜீலி 49.9 சதவீதப் பங்கை வாங்கிக்கொண்டது. ஒரே மலேசியாவில், பினாங்கு வழி பலித்த அதே காலத்தில், சோல் வழி பலிக்கவில்லை. திராணி பற்றி மேலே சொன்னது இதைத்தான்.

சோல் வழியின் விலைப்பட்டியலும் நீளம். 1970 நவம்பர் 13 அன்று சோலின் பியோங்ஹ்வா சந்தையில் ஜோன் தே-இல் என்ற 22 வயதுத் தையல் தொழிலாளி, தொழிலாளர் சட்டத்தை மதியுங்கள் என்று கேட்டுத் தீக்குளித்தார். ஏற்றுமதிக் கூட்டத்தில் அந்தக் கணக்கு வரவில்லை. 1973-க்குப் பிறகு கனரகத் தொழிலில் பாய்ந்தபோது கடனும் தேவைக்கு மிஞ்சிய உற்பத்தித் திறனும் சேர்ந்து, 1980-ல் பொருளாதாரமே சுருங்கியது. வளர்த்த குழுமங்கள் பிறகு கடிவாளத்துக்கு அடங்கவில்லை. 1997 ஆசிய நிதி நெருக்கடியில் சர்வதேச நாணய நிதியத்தின் 2,100 கோடி டாலர் உட்பட சுமார் 5,800 கோடி டாலர் கடன் ஏற்பாடு தேவைப்பட்டது. சிட்டகாங்குக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த தேவூ 1999-ல் சரிந்தது.

இன்று எது மிச்சம்?

கொரியாவும் தைவானும் செய்ததில் ஒரு பங்கு இன்று சட்டப்படியே முடியாது. 1995-ல் உலக வர்த்தக அமைப்பு வந்தபின் ஏற்றுமதியை நிபந்தனையாக்கிய மானியம் தடை. மிகப் பின்தங்கிய நாடுகளுக்கும் தனிநபர் வருமானம் மிகக் குறைந்த வேறு சில நாடுகளுக்கும் மட்டும் விலக்கு. சிங்கரிடம் போட்டதுபோல உள்ளூரில் வாங்கு என்ற கட்டாயமும் முடியாது. பயிற்சி, ஆராய்ச்சி உதவி, துறைமுகம், மின்சாரம், உள்ளூர்ப் பட்டறைகளைத் தூக்கிவிடும் திட்டம், மிகையாக ஏறாத நாணய மதிப்பு, இவை இன்னும் கையில் இருக்கின்றன. பணக்கார நாடுகளே இப்போது வெளிப்படையாக மானியம் கொட்டும்போது இந்த விதிகளுக்கு எவ்வளவு ஆயுள் என்பது தனிக்கதை.

சந்தையும் பழையபடி இல்லை. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கா தன் கூட்டாளிகளுக்குக் கதவைத் திறந்து வைத்தது. 2025 ஏப்ரலில் அதே அமெரிக்கா வியட்நாம் பொருள்களுக்கு 46 சதவீத வரி அறிவித்தது. பேரம் பேசி 20-க்கு வந்தது. தானியங்கி இயந்திரங்கள் பெருகியதால் அதே அளவு ஏற்றுமதிக்கு முன்பைவிடக் குறைந்த ஆள் போதும் என்பதும் உண்டு. ஆனாலும் டாலர் தேவை போகவில்லை. அதனால் கேள்வியும் போகவில்லை.

யாருக்கு எது என்று கேட்டால் இப்படிச் சொல்வேன். நிர்வாகம் பலவீனம், ஏராளமான இளைஞர்கள், தீர்வையற்ற சந்தை அனுமதி இன்னும் இருக்கிறது என்றால் சிட்டகாங் வழி. அதில் பேரம் பேச வேண்டியது வரி விலக்கின் நீளத்துக்கு அல்ல, எத்தனை பேரை வெளியே அனுப்பிக் கற்றுக்கொடுப்பார்கள் என்பதற்கு. கட்டடப் பாதுகாப்புச் சோதனையை முதல் ஆர்டருக்கு முன்பே வைத்துவிட வேண்டும், பிறகு வைக்க எந்த முதலாளியும் விடமாட்டார்.

சிறிய நாடு, துறைமுகம் ஒழுங்கு, அதிகாரி லஞ்சம் கேட்கமாட்டார் என்றால் பினாங்கு வழி. ஒரே நிறுவனத்தின் மீது ஏற்றுமதியின் ஐந்தில் ஒரு பங்கு சாய்வதற்குள் இரண்டாவது, மூன்றாவது நிறுவனத்தைத் தேடுவது அதில் அவசரமான வேலை.

சோல் வழியை முழுசாக எடுக்க இன்று பெரிய உள்நாட்டுச் சந்தை உள்ள நாடுகளால்தான் முடியும், அவையும் ஓரிரு தொழில்களுக்கு மேல் தொடக்கூடாது. ஒரு தொழிலுக்கு இரண்டு நிறுவனமாவது இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று என்றால் அதைக் கைவிட எந்த அமைச்சருக்கும் துணிவு வராது.

எந்த வழியானாலும் சலுகை ஒப்பந்தத்தில் முடிவுத் தேதி முதல் நாளே எழுதப்பட வேண்டும். ஐந்தாம் ஆண்டில் மூன்று எண்களைக் கேட்கலாம்: உள்ளூரில் வாங்கும் உதிரிபாகம் எவ்வளவு, பொறியாளர், மேலாளர் இடங்களில் உள்நாட்டார் எத்தனை பேர், ஆலையை விட்டு வெளியேறிச் சொந்தத் தொழில் தொடங்கியவர்கள் எத்தனை பேர். மூன்றும் அசையவில்லை என்றால், ஏற்றுமதி இரட்டிப்பானாலும் அந்தச் சலுகையை நான் நீட்டிக்கமாட்டேன்.